திங்கக்கிழமை வாங்க

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் காரின் பதிவைச் சொந்தக்காரர் பிறந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் தருவார்கள். எனக்கு ஜூலை. 2015 ஜூலையில் லெக்சிங்டனில் இருக்கும் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் ஆபீஸுக்குப் போனபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு மாதம் என்னோடு இருக்கட்டும் என்று வரவழைத்திருந்தேன். வீட்டில் தனியாக விட்டுப் போனால், மெஷின் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கையால் கழுவி அடுக்கிவிடுவார்.

அப்பா முப்பத்து நாலு வருடம் பதிவுத்துறையில் இருந்தவர். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தெற்கே பல ஊர்களுக்கு மாற்றலாகி, கடைசி ஐந்து வருடம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றார். நயாகராவைக் காட்டியபோது “தண்ணி நல்லா வருது” என்றதோடு சரி. இந்த ஆபீஸின் கவுன்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எந்த சீட்டில் என்ன வேலை, ரசீது யார் போடுகிறார்கள், மூலப் பதிவேடு எங்கே இருக்கும் என்று வரிசையாகக் கேட்டார். வண்டிப் பதிவு, நிலப் பத்திரம், வாக்காளர் பட்டியல், கல்யாண லைசென்ஸ் எல்லாம் கவுன்டி கிளார்க் பொறுப்புதான் என்று சொன்னேன்.

“வண்டிய எடுத்துட்டா நம்ம ஆபீஸ்தாம்லா இது” என்றார்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூன் 26 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கியது. ஒபர்கபெல் வழக்கு. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் கென்டக்கியிலிருந்து போனவையும் உண்டு. என் லேபில் கூட வேலை செய்த ஒருவர், பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தவரோடு இதே ஆபீஸுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்திருந்தார். அப்போது கட்டணம் 35 டாலர் 50 சென்ட். இங்கே முறை அப்படி. முதலில் கிளார்க்கிடம் லைசென்ஸ். அதை வைத்துப் பாதிரியாரோ நீதிபதியோ கல்யாணத்தை நடத்தி வைப்பார். கையெழுத்தான தாள் மறுபடி கிளார்க்கிடம் வரும். “பத்து நிமிஷம்தான். கார் ஸ்டிக்கருக்கு இதைவிட நேரம் ஆகும்” என்று சிரித்தார்.

லெக்சிங்டனிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் மோர்ஹெட் என்று ஒரு கல்லூரி ஊர். ரோவன் கவுன்டியின் தலைநகரம். அங்கே அதே லைசென்ஸுக்கு ஐந்து நாள் சிறையும், பத்து வருட வழக்கும் ஆயிற்று.

கிளார்க்கின் பெயர் கிம் டேவிஸ். அவருடைய அம்மா அதே நாற்காலியில் 37 வருடம் இருந்தவர். மகள் அம்மாவிடம் உதவி கிளார்க்காக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 2014 தேர்தலில் நின்றார். அப்போது ஜனநாயகக் கட்சி. உட்கட்சித் தேர்தலில் 23 ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்து, பிறகு பதவிக்கு வந்தார். சம்பளம் வருடத்துக்கு 80 ஆயிரம் டாலர். பெந்தெகொஸ்தே சபைக்காரர், மாமியாரின் கடைசி ஆசைக்காக ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போய், அங்கேயே மனந்திரும்பியவர். அதற்கு முன் நாலு கல்யாணம். டி.வி.யிலும் இணையத்திலும் அதை வைத்து அவரைப் பரிகசித்தது போதும் போதும் என்றாகிவிட்டது. மனந்திரும்பியவரின் பழைய கணக்கை எடுத்துக் காட்டுவது எந்த ஊரிலும் மலிவான வேலை. அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தீர்ப்பு வந்ததும் அவர் என்ன செய்தார் என்றால், யாருக்குமே லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆண்–பெண் ஜோடிக்கும் இல்லை. அப்படிச் செய்தால் பாகுபாடு என்று யாரும் சொல்ல முடியாது என்பது கணக்கு. அதனால்தான் அவர் மேல் வழக்குப் போட்ட நாலு ஜோடிகளில் இரண்டு ஆண்–பெண் ஜோடிகள். அவர் மட்டும் இல்லை. கென்டக்கியின் 120 கவுன்டி கிளார்க்குகளில் 57 பேர், சட்டமன்றத்தைக் கூட்டி எங்களுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று ஆளுநருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஆளுநர் மறுத்துவிட்டார். ஒரு கிளார்க் ஆதரவு திரட்ட மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சைக்கிளில் போனார்.

அப்பாவுக்கு இந்த விவகாரம் ஆகஸ்ட் முழுக்கப் பொழுதுபோக்கு. காலையில் வேதம் வாசித்து முடித்ததும் டி.வி.யைப் போடுவார். அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான்.

“ஏட்டி, இவளுக்கு இன்னும் 17(பி) குடுக்கலியா?”

17(பி) என்றால் அரசு ஊழியருக்குத் தெரியும். குற்றச்சாட்டு மெமோ, தூக்கத்தைக் கெடுக்கிற காகிதம். இவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மேலதிகாரி என்று யாரும் கிடையாது, மெமோ கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னேன். நீக்க வேண்டுமென்றால் மாநிலச் சட்டமன்றம் கூடி விசாரணை நடத்த வேண்டும். அது இனி ஜனவரியில்தான் கூடும்.

“கிளார்க்குக்கு எலெக்‌ஷனா?” அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா மேல் அவருக்கு இருந்த மரியாதை குறைந்துபோனது.

சிறைக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 12 அன்று கூட்டரசு நீதிபதி டேவிட் பன்னிங், லைசென்ஸ் கொடு என்று உத்தரவிட்டார். இவர் ஒன்றும் முற்போக்காளர் பட்டியலில் வருகிறவர் இல்லை. இளைய புஷ் நியமித்தவர், பன்னிங்கின் அப்பா குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர். ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றமும் தடை கொடுக்க மறுத்தது. மறுநாள் காலை டேவிட் மூர், டேவிட் எர்மால்ட் என்ற இருவர் கேமராக்கள் சூழ அந்தக் கவுன்டருக்குப் போனார்கள். இன்றைக்கும் இல்லை என்றார் டேவிஸ். யாருடைய அதிகாரத்தில் என்று கேட்டார்கள். தேவனுடைய அதிகாரத்தில் என்றார். செப்டம்பர் 3 அன்று நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை. வழக்குப் போட்டவர்கள் சிறை கேட்கவே இல்லை, அபராதம்தான் கேட்டார்கள். அபராதம் போட்டால் ஆதரவாளர்கள் வசூல் பண்ணிக் கட்டிவிடுவார்கள், இவர் அசைய மாட்டார் என்பது நீதிபதியின் எண்ணம். ஆறு உதவி கிளார்க்குகளைக் கூண்டில் ஏற்றி நீங்கள் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஐந்து பேர் சரி என்றார்கள். மறுத்த ஒரே ஒருவர் டேவிஸின் மகன்.

மறுநாள் காலை உதவி கிளார்க் ஒருவர் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். உள்ளே இருந்தவரைத் தவிர எல்லாருக்கும் விஷயம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 7 தொழிலாளர் தினம், விடுமுறை. அந்தப் பக்கம் கேவ் ரன் ஏரிக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம். திரும்பும்போது அப்பா, “அந்தப் பொம்பள ஆபீஸப் பாத்துட்டுப் போவமா?” என்றார். வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று அவராகக் கேட்டது அந்த ஆறு மாதத்தில் இது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் காரை மோர்ஹெட்டின் பிரதான சாலைக்குத் திருப்பினார். நீதிமன்றக் கட்டடம் பூட்டியிருந்தது. அப்பா இரண்டு கையையும் கண்களுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. பேன்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தன் கை பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு வந்தார்.

“அவ என்னதாஞ் சொல்லுதா, தெளிவாச் சொல்லு.”

சொன்னேன். லைசென்ஸ் படிவத்தில் கிளார்க்கின் பெயர் அச்சாகிறது. தன் பெயரோடு அந்தத் தாள் போனால், தேவன் வெறுப்பதைத் தான் அங்கீகரித்ததாக ஆகும் என்கிறார். நீதிபதி சொல்வது வேறு. இந்த ஜோடி சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதியுள்ளவர்கள் என்ற தகவலைத்தான் அந்தப் படிவம் சான்றளிக்கிறது. அதை நீ ஒழுக்கமாக நினைக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இதில் தன்பாலினத் திருமணம் சரியா தவறா என்ற கேள்வியே எழவில்லை. தவறு என்பதில் அவருக்கு இரண்டு கருத்து கிடையாது, இன்றைக்கும் அப்படித்தான். என் லேப் நண்பரும் அவர் துணைவரும் வீட்டுக்கு வந்து, அப்பா வைத்த மீன் குழம்பை மூக்கில் தண்ணீர் வழியச் சாப்பிட்டுப் போன பிறகும் மாறவில்லை. “நல்ல பையங்கதான். அது வேற, இது வேற.” இதைப் பற்றி அவரோடு பேசிப் பேசி நான் ஓய்ந்துவிட்டேன். அதனால் மோர்ஹெட்டில் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“பொஸ்தகத்துல எம் பேரு ஆயிரம் பத்திரத்துல இருக்கு. அதுல பாதி ஏமாத்து வேலன்னு எனக்குத் தெரியும். அண்ணன் தம்பிய ஏமாத்தி எழுதி வாங்கினது, கெழவி கைநாட்ட வாங்கிட்டுத் தெருவுல விட்டது. அது என் கையெழுத்தா? சீட்டோட கையெழுத்துலா. முடியலன்னா சீட்ட விட்டு எந்திச்சிரணும். சம்பளத்தையும் வாங்கிக்கிட்டு சீட்டுல இருந்துக்கிட்டே மாட்டேங்கக் கூடாது. இராயனுக்குள்ளத இராயனுக்குக் குடுக்கணும்னுதான போட்டிருக்கு.”

எனக்கு அப்பா மேல் பெருமையாக இருந்தது. ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஓய்வு பெற்ற சார்பதிவாளர், பழுத்த கிறிஸ்தவர், கிம் டேவிஸுக்குச் சொன்ன பதில். நல்லவேளை, போடவில்லை.

திரும்பி வரும் வழியில், ஐ-64 நெடுஞ்சாலையில், இருட்டு கட்ட ஆரம்பித்த நேரம். பின்சீட்டில் இருந்த அப்பா தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

“நானும் ஒரு வாட்டி மாட்டேன்னுருக்கேன்” என்றார்.

எண்பதுகளில் ஒரு சின்ன ஊர். அப்பா அங்கே உதவியாளர், திருமணப் பிரிவு அவர் கையில். சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரு மனு வருகிறது. பையன் இந்து. பெண் எங்கள் சபை. அவள் அப்பா சபையில் மூப்பர். எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் உண்டு, அந்நிய நுகம். அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதீர்கள் என்று பவுல் எழுதியதிலிருந்து வந்த சொல். வீட்டில் ஒரு பெண் வேறு மதத்தில் கட்டிக்கொண்டால் “அந்நிய நுகத்துல போயிட்டா” என்பார்கள், செத்துப்போனதைச் சொல்கிற குரலில்.

அந்தச் சட்டப்படி முதலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். முப்பது நாள் ஆட்சேபணைக்கு அவகாசம். ஒட்டியது அப்பாதான். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. முப்பது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் மூன்று சாட்சிகளோடு வந்தார்கள். சார்பதிவாளர் உள்ளே இருந்தார். அப்பா தாளை எடுத்து வைத்திருந்தால் போட்டிருப்பார். சாட்சிகளில் ஒருவருடைய ரேஷன் கார்டில் சுப்பிரமணி என்று இருந்தது. அவர் கையெழுத்து சுப்பிரமணியன்.

“பேரு ஒத்து வரல, வேற சாட்சி கூட்டிட்டுத் திங்கக்கிழமை வாங்கன்னு சொன்னேன்.”

“வந்தாங்களா?”

“வரல. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அந்தப் பிள்ளையும் வரல, அவ அப்பாவும் வரல.”

கல்யாணம் நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி. காலாவதியான அன்று கோப்பில் “தரப்பினர் ஆஜராகவில்லை” என்று எழுதி முடித்துவைத்ததும் அப்பாவின் கைதான். அந்தப் பெண்ணை வெளியூரில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் அந்த மூப்பரிடம் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ரேடியோவைப் போடப் போனவர் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள், செப்டம்பர் 8, கிம் டேவிஸ் விடுதலையானார். சிறை வாசலில் மேடை, கூட்டம், பாட்டு, பக்கத்தில் அதிபர் பதவிக்கு நின்றுகொண்டிருந்த மைக் ஹக்கபி. அப்பா டி.வி.யை நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்த விஷயத்தை அவர் பேசவில்லை. நான்தான் விடாமல் பின்தொடர ஆரம்பித்தேன்.

பின்தொடர்ந்ததில் எனக்கு முதலில் உறைத்தது, தீர்வு எவ்வளவு சின்னது என்பது. 2015 கடைசியில் புதிதாக வந்த ஆளுநர் மாட் பெவின், படிவத்தில் கிளார்க்கின் பெயர் வேண்டாம் என்று உத்தரவிட்டார். 2016 ஏப்ரலில் அது சட்டமாகவே ஆனது. ஒரே படிவம், பெயர் போடத் தேவையில்லை. ஜோடிகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது, கிளார்க்கின் பெயரும் தாளில் போகவில்லை. எனக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. கவுன்டருக்கு வந்தவர் கையில் தாளோடு வெளியே போகிறாரா என்பதுதான் என் கேள்வி. உள்ளே யார் பெயரை எங்கே அச்சடிக்கிறார்கள் என்பதை ஆபீஸ்காரர்கள் பேசி முடித்துக்கொள்ளட்டும்.

அலபாமா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கல்யாண லைசென்ஸ் கொடுத்தவர்கள் உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் மரபுரிமை நீதிபதிகள். சில கவுன்டிகளில் டேவிஸ் போலவே எல்லாருக்கும் நிறுத்திவிட்டார்கள்; சத்தம் போடவில்லை, சிறைக்கும் போகவில்லை. பக்கத்துக் கவுன்டிக்குப் போய்க்கொள்ளுங்கள் என்பதோடு நாலு வருடம் ஓடியது. கடைசியில் 2019-இல் லைசென்ஸ் என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள். ஜோடிகளே ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியது, நீதிபதி வாங்கிப் பதிந்துவைக்க வேண்டியது. ஒரு சிலரின் மனசாட்சிக்காக மாநிலமே படிவத்தை மாற்றிக்கொண்டது. சிரிப்பாகவும் இருக்கிறது, புத்திசாலித்தனமாகவும் இருக்கிறது.

நெதர்லாந்தில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிச் சொல்லே உண்டு. மறுக்கும் அதிகாரி என்று பொருள்வரும் ஒரே சொல். 2001-இல் உலகத்தில் முதன்முதலாகத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு அது. ஏற்கெனவே வேலையில் இருந்த மறுப்பாளர்களோடு பல வருடம் அனுசரித்துப் போய், 2014-இல்தான் இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் நடத்தி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். லண்டனில் இஸ்லிங்டன் பகுதிப் பதிவாளர் ஒருவர், தன்பாலின ஜோடிகளின் சிவில் கூட்டாண்மைகளை (கல்யாணத்துக்கு இணையான சட்டப் பதிவு) பதிய மாட்டேன் என்று சொல்லி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2013-இல் தோற்றார்.

கேக்குக்கு வருவோம். கேக் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

கொலராடோவில், டென்வரை ஒட்டிய லேக்வுட் என்ற ஊரில் ஜாக் பிலிப்ஸ் என்பவரின் பேக்கரி. 2012 ஜூலையில் சார்லி கிரெய்க், டேவிட் மலின்ஸ் என்ற இருவர் தங்கள் கல்யாண வரவேற்புக்குக் கேக் சொல்லப் போனார்கள். சார்லியின் அம்மாவும் கூட இருந்தார். பிறந்தநாள் கேக், பிஸ்கட் எது வேண்டுமானாலும் விற்கிறேன், தன்பாலினக் கல்யாணத்துக்குக் கேக் செய்வதில்லை என்றார் பிலிப்ஸ். டிசைன்வரை பேச்சே போகவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு மகன் தன் கல்யாணத்துக்குக் கேக் சொல்ல அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், அம்மா எதிரில், இல்லை என்ற பதில். சட்டப் புத்தகத்தில் இந்த வழக்கை என்னென்ன சொல்லி அலசினாலும் எனக்கு அந்த அம்மா நின்றதுதான் கண்ணில் நிற்கிறது.

2018 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று பிலிப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் கென்னடி, ஒபர்கபெல் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி. ஆனால் பேக்கரிக்காரர் மறுக்கலாமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த ஜோடியின் புகாரில் பிலிப்ஸுக்கு எதிராக உத்தரவிட்ட மாநிலச் சிவில் உரிமை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் விசாரணையில் பிலிப்ஸின் மத நம்பிக்கையை இழிவாகப் பேசிவிட்டார், நடுநிலையாக விசாரிக்கவில்லை, அதனால் உத்தரவு செல்லாது என்று முடித்துவிட்டார்கள்.

அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். ஊரில் இருந்தார். அவர் பேக்கரிக்காரர் பக்கம். “அவன் சொந்தக் கடைலா. சீட்டு இல்லையே. சர்க்கார் சம்பளமா வாங்குதான்?”

எனக்கும் பாதிவரை அவர் சொல்வது சரியாகவே படுகிறது. பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் பேக்கரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் ஒருவர் கேக் மேல் ‘தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்போம்’ என்று எழுதித் தரக் கேட்டார். 36 பவுண்டு 50 பென்ஸ் பணமும் கட்டிவிட்டார். பிறகு கடைக்காரர்கள் மறுத்துப் பணத்தைத் திருப்பினார்கள். 2018 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கடைக்காரர் பக்கம் நின்றது. அவர்கள் மறுத்தது அந்த வாசகத்தை. அதே வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள். சரி, எனக்கு ஒப்புதல். நான் நம்பாத ஒரு வரியை என் கையால் எழுது என்று என்னையும் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

லேக்வுட்டில் வாசகம் ஒன்றும் இல்லை. அங்கே மறுக்கப்பட்டது வந்தவர்களுக்கு. “சொந்தக் கடை” என்ற வாதத்துக்கு அந்த நாட்டில் ஒரு பழைய கதை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். தென் கரோலினாவில் மாரிஸ் பெஸிங்கர் என்பவரின் சுட்ட இறைச்சிக் கடைகள். 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகும் கறுப்பர்களை உள்ளே விட மறுத்தார். நிறங்கள் கலப்பது தேவ சித்தத்துக்கு விரோதம், என் மத உரிமை என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கித் தள்ளியது. விவாதிக்கக்கூட இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “நம்ம ஊர்ல டீக்கடைல ரெண்டு கிளாஸ் வச்சிருந்தவனும் சொந்தக் கடைதான்” என்றார். பேச்சை மாற்றி மழை பற்றிக் கேட்டார்.

2023 ஜூன் 30 அன்று அதே கொலராடோவிலிருந்து போன 303 கிரியேட்டிவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. வெப்சைட் வடிவமைப்பாளர் ஒருவரை, அவர் நம்பாத கருத்தைச் சொல்லும் கல்யாண வெப்சைட் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது. மத உரிமை என்ற பெயரில் இல்லை, பேச்சுரிமை என்ற பெயரில். வாசகத்தை மறுப்பது எங்கே முடிகிறது, ஆளை மறுப்பது எங்கே தொடங்குகிறது என்ற கோடு இதில் இன்னும் மங்கிவிட்டது என்பது என் எண்ணம். அந்த வடிவமைப்பாளரிடம் அப்போது நிஜ வாடிக்கையாளர் யாரும் வந்து நிற்கவில்லை. வழக்கே முன்கூட்டிப் போட்ட வழக்கு. வழக்குத் தாளில் கோரிக்கை அனுப்பியதாகக் காட்டப்பட்ட ஆளைப் பத்திரிகையாளர் தேடிப் பிடித்துக் கேட்டபோது, நான் அனுப்பவே இல்லை, எனக்குப் பெண்ணோடு கல்யாணமாகி வருஷக்கணக்காகிறது என்றார்.

மோர்ஹெட்டில் கதை வேறு விதமாகப் போனது. 2017 டிசம்பரில் டேவிட் எர்மால்ட், டேவிஸை எதிர்த்து அதே கிளார்க் பதவிக்கு நிற்க முடிவு செய்தார். வேட்புமனுவை எங்கே கொடுப்பது? கவுன்டி கிளார்க்கிடம்தான். அதே கவுன்டர். டேவிஸ் உட்கார்ந்து மனுவை வாங்கி, தாள்களைச் சரிபார்த்து, நல்ல வேட்பாளர் ஜெயிக்கட்டும் என்று சொல்லிக் கைகுலுக்கினார். எர்மால்ட் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர், 2014-இல் டேவிஸிடம் 23 ஓட்டில் தோற்ற அதே ஆள். நவம்பரில் அவர் டேவிஸையும் தோற்கடித்தார்.

இதற்கு நடுவில், வழக்குப் போட்டவர்களின் வக்கீல் செலவு 2,22,695 டாலரை மாநில அரசுதான் கட்ட வேண்டும் என்று 2017-இல் பன்னிங் உத்தரவிட்டார். சீட்டின் செலவு சர்க்காரோடு. ஆனால் 2023 செப்டம்பரில் ஜூரி, மூருக்கும் எர்மால்ட்டுக்கும் ஆளுக்கு 50 ஆயிரம் டாலர் டேவிஸ் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்றது. இன்னொரு ஜோடிக்கு வேறொரு ஜூரி ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. டேவிஸ் மேல்முறையீடு போய், அதில் தோற்று, கடைசியில் ஒபர்கபெல் தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 10 அன்று, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தி மூன்று. காது மந்தம், வீடியோவில் பேசினால் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். அந்த வாரம் செய்தியைச் சொன்னேன். முதலில் யாரென்று பிடிபடவில்லை. மோர்ஹெட், ஏரி, பூட்டின ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு, “ஆமா, சைகிளு விட்டாம்லா ஒருத்தன்” என்றார்.

“அந்தப் பசங்களுக்கு அப்பமே லைசென்சு குடுத்தாச்சுலா?”

அந்த வாரமே கொடுத்துவிட்டார்கள் என்றேன். இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டினார். போனை வைக்கப் போனவர் வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, பத்து வருடத்துக்கு முன்னால் காரின் பின்சீட்டில் விட்ட இடத்திலிருந்து எடுத்தது போல, அந்த நோட்டீஸின் எண்ணைச் சொன்னார். எண், வருடம், பதிவேட்டில் பக்கம். எத்தனை ஆயிரம் நோட்டீஸ் ஒட்டியிருப்பீர்கள், இது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

காதில் விழவில்லை போலிருக்கிறது. எண்ணை இன்னொரு முறை, நான் எழுதிக்கொள்வதற்குத் தோதாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.